வீராணம் கரையில் பறவை பார்க்கப் போனவர்கள்

காடாம்புலியூர்க்காரர்களுக்கு வீராணம் என்றால் ஏரி இல்லை, குழாய்.

விஷயம் இதுதான். சேத்தியாத்தோப்புப் பக்கம் வீராணம் ஏரியில் எடுக்கிற தண்ணீர் வடக்குத்துக்கு வந்து சுத்தமாகிறது. அங்கிருந்து மோட்டார் வைத்துக் காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் மோட்டார் தேவையில்லை. மேட்டிலிருந்து தானாகவே இறங்கி, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சென்னை போரூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 2004லிருந்து இப்படித்தான் சென்னை வீராணத் தண்ணீர் குடிக்கிறது. அதற்கும் முன்னால், எழுபதுகளில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் பல வருஷம் சாலையோரமாகக் கிடந்தன. அதில் ஆட்கள் குடும்பம் நடத்திய கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆக, குழாயைத் தினமும் பார்க்கிற ஊர். ஏரியைப் பார்த்தவர்கள் குறைவு. அன்று கிளம்பிய பதினொரு மாணவர்களில் எட்டுப் பேர் வீராணத்தைப் பார்த்ததே இல்லை!

அவர்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் கும்பகோணம் பஸ். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம். மொத்தக் கூட்டத்துக்கும் இரண்டு பைனாகுலர். அதில் ஒன்றில் இடது கண்ணில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாளே சார் சில கட்டளைகள் போட்டிருந்தார். பளிச்சென்ற சட்டை கூடாது. போனில் சத்தம் கூடாது. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அதைப் பக்கத்தில் வரவழைக்கும் வேலை கூடவே கூடாது. இவ்வளவு சொல்லியும் ஒருவன் ரத்தச் சிவப்பில் டீ-ஷர்ட் போட்டு வந்தான். சார் ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய பழுப்புத் துண்டை எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டார். பாவம், அன்று முழுக்க அவன் காய்ச்சல்காரன் மாதிரியே நடந்தான்.

பஸ் வடலூர் தாண்டும்போது ஒரு பெண் கேட்டாள். "சார், இங்கிலீஷ் புக்ல எல்லாம் 'ஆட்டம்'ல பறவை பார்க்கப் போறதா வருது. நமக்கு இலையுதிர் காலம் இதுதானா?"

சார் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். இருட்டில் முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இலை உதிர்ந்திருந்தால் காட்டு என்றார்.

நியாயமான பதில்தான். ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழ்க் கணக்கில் கூதிர் காலம். குளிரும் மழையும் சேர்ந்த பருவம். வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம். ஐரோப்பாவில் மரம் மொட்டையாகிற அதே மாதத்தில் கடலூர் மாவட்டம் பச்சை பிடிக்கிறது. அங்கே பூச்சி ஒழிந்து, தண்ணீர் உறையத் தொடங்கும்போது இங்கே ஏரி நிரம்பி, வயலில் புழுவும் நண்டும் நத்தையும் பெருகுகின்றன. பறவைகள் ஏன் வருகின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. குளிருக்குப் பயந்து வருகின்றன என்று பொதுவாகச் சொல்வோம். சாப்பாட்டுக்காக வருகின்றன என்பதுதான் இன்னும் சரி.

*

சேத்தியாத்தோப்பில் இறங்கி டீ குடித்து, ஏரிக்கரைக்கு வந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பறவை பார்ப்பதற்கென்று போட்ட நடைபாதை, அம்புக்குறி, தகவல் பலகை... அப்படி எதுவும் இந்த நடையில் கிடையாது. இருப்பது ஏரிக்கரை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி இது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். வீரநாராயண ஏரிதான் வாயில் புகுந்து வீராணம் ஆனது. வெட்டியது அவன் மகன் இராஜாதித்தன் என்பார்கள். அவன் 949இல் தக்கோலப் போரில் இறந்து போனான். கரை மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை இந்தக் கரையில்தான் தொடங்கினார், ஆடிப்பெருக்கு நாளில். வந்தியத்தேவன் குதிரையில் போனதால் பறவை ஒன்றும் சரியாகப் பார்த்திருக்க மாட்டான் என்பது சாரின் கருத்து. பறவை பார்க்க நடக்க வேண்டும், அதுவும் மெதுவாக.

பறவை பார்ப்பவர்களுக்கென்றே கட்டியது போல இந்தக் கரையில் ஒரு வசதி உண்டு. கரை ஏரியின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால். வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். மேற்குப் பக்கம் போய் நின்று பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் வலது பக்கம் ஏரி, இடது பக்கம் வயல்.

பிள்ளைகள் எல்லோரும் வலது பக்கமே பார்த்தார்கள். ஏரி அப்படி இருந்தது! கடல் மாதிரி. எதிர்க்கரை தெரியவில்லை. அன்று தண்ணீர் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவில் இருந்தது. வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி. நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி நிற்கும்.

ஆனால் பறவை?

கால் மணி நேரம் நடந்தும் நீர்க்காகங்கள் சில, தூரத்தில் நான்கு கூழைக்கடா, ஒரு முக்குளிப்பான். முக்குளிப்பான் இரண்டு தடவை தலையைக் காட்டிவிட்டு மூன்றாம் தடவை காணாமலே போய்விட்டது. மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தன. அவ்வளவுதான். "இதுக்கா சார் நாலரை மணிக்கு எழுந்தோம்?" என்று துண்டு போர்த்தியவன் கேட்டுவிட்டான்.

"ஏரி ரொம்பி இருந்தா இங்க எதுவும் நிக்காது சார்." இதைச் சொன்னது அதுவரை வாயே திறக்காத ஒரு பையன். பாலிடெக்னிக் முதல் வருஷம். கட்டம் போட்ட சட்டை. கடைசியில் நடந்து வந்துகொண்டிருந்தான். "கால் எட்டாது இல்ல? இந்தப் பக்கம் பாருங்க."

எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள்.

*

அவன் சொன்னது முழுக்கச் சரி. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளப் பலருக்கு வருஷக் கணக்காகும். உள்ளான், கொக்கு, நாரை எல்லாம் காலால் நின்று இரை தேடுகிறவை. ஒவ்வொன்றின் கால் நீளத்துக்கும் மூக்கின் நீளத்துக்கும் ஏற்ற ஆழத்தில்தான் அதற்குச் சோறு. சின்ன உள்ளானுக்கு ஒரு விரல் தண்ணீர் போதும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் வரை இறங்கும். (நம் முழங்கால் இல்லை, அதன் முழங்கால்.) கரையோரம் ஆழமாக நிற்கிற நிரம்பிய ஏரி இவற்றுக்குப் பூட்டிய கடை. ஏரி வற்றி, ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கினால்தான் அது திறக்கும். மேற்கே ஓடைகள் வந்து சேருகிற பக்கம் ஆழம் குறைவு. அங்கே நிற்கும். மற்றபடி ஐப்பசியில் இவற்றின் இடம் மதகுக்குக் கீழே, சம்பா வயல்தான்.

அதாவது ஏரியில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பறவை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கமோ இயற்கையாக நடப்பதில்லை. கொள்ளிடத்தில் கீழணையில் தேக்கி, வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். மறுபக்கம் சென்னைக்குக் குழாய். எப்போது எத்தனை அடி நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது மனிதர்கள். சைபீரியாவிலிருந்து கிளம்புகிற உள்ளானுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இந்தக் கரையைப் 'பறவைகளின் சொர்க்கம்' என்று எழுதுவது சுலபம். இது வேலை நடக்கிற இடம். அதன் ஓரத்தில் பறவையும் பிழைக்கிறது.

இடது பக்கம் திரும்பிய பிறகு நோட்டு வேகமாக நிரம்பியது. சேறு கலக்குகிற டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள், எண்ணினால் நூற்று இருபது. நத்தைகுத்தி நாரை பதினெட்டு. அதன் மூக்கு நடுவில் மூடாமல் சந்து விட்டிருக்கும். உடைந்த மூக்கு என்று நினைத்த ஒருத்தி அதற்காக வருத்தமே பட்டாள். நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுக்க வசதியான கருவி அது. வெள்ளை அரிவாள் மூக்கன் ஒரு கூட்டம். மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான். புதரில் பழுப்புக் கீச்சான், அதுவும் வெளியூர்தான். வரப்பில் மஞ்சள் வாலாட்டி, ஓடி நின்று ஓடி. எங்கிருந்தோ சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாக வயலைத் தடவிக்கொண்டு வர, மொத்த உள்ளான் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பி, திரும்பி, வெள்ளையாக மின்னி, மறுபடி உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். சார் முறைத்தார்.

பைனாகுலர் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு பைனாகுலரில் முதன்முதலாகப் பறவையைப் பார்ப்பவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா நண்பர்களே? முதலில் ஒன்றும் தெரியாது. வானம், வயல், மங்கல். "எங்க சார், எங்க சார்" என்று தேடுவார். பிறகு திடீரென்று பேச்சு நின்றுவிடும். அப்போது கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக இருந்தன. தகைவிலான் என்றால் களைப்பில்லாதவன் என்று சார் பொருள் சொன்னார். இமயமலையிலும் அதற்கும் வடக்கேயும் கூடு கட்டுகிற பறவை இங்கே வந்து கம்பியில் சிறகு கோதிக்கொண்டிருக்கிறது. ஒன்றின் எடை இருபது கிராம் இருக்கும் என்றார். நோட்டு வைத்திருந்த பெண் தன் பேனாவைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அவளாகவே செய்தாள், யாரும் சொல்லவில்லை.

மடையான் வந்தபோது கொஞ்சம் சிரிப்பு. வரப்பின் நிறத்திலேயே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மிதிக்கப் போகிற தூரம் வரை அசையாது. அதனால்தான் குருட்டுக் கொக்கு என்ற பெயரும் இருக்கிறது. எழுந்து பறந்தால் மாயம் மாதிரி முழு வெள்ளைச் சிறகு. மடை அருகில் நிற்பதால் மடையான் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளத்தில் மூழ்கி ஏரி மடையைத் திறந்தவர்களையும் மடையர் என்றுதான் சொன்னார்களாம். "உயிரைக் கொடுத்து ஊரைக் காப்பாத்தினவன் பேரை எடுத்துத் திட்டுறதுக்கு வச்சுக்கிட்டோம்" என்றார் சார். வகுப்பில் பல பேரை அந்தச் சொல்லால் திட்டியவர் என்பது வேறு விஷயம்.

*

ஒரு மதகடியில் மண்வெட்டியோடு நின்ற விவசாயி கூட்டத்தை நிறுத்தி விசாரித்தார். குருவி எண்ணுகிறார்கள் என்றதும் அவருக்குச் சந்தேகம். "எண்ணி?"

எண்ணி எழுதிக்கொள்வோம் ஐயா, இ-பேர்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று சார் விளக்கினார். தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கல் நாட்களில் ஊர் ஊராகப் பறவை எண்ணுகிறார்கள் என்பதையும் சொன்னார். விவசாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொக்கு எத்தனை வேணா வரட்டும். புழுவைத் தின்னும். நத்தைகுத்தி நல்லது. அந்த ஊதாக் கலர் கோழி இருக்குதே, அதை மட்டும் எண்ணிக் கையோட பிடிச்சிட்டுப் போயிடுங்க. நாத்தை உருவிப் போட்டுடுது" என்றார்.

நீலத் தாழைக்கோழியைச் சொல்கிறார். அவர் புகார் பொய்யில்லை. நெல் நாற்றை மிதித்தும் கடித்தும் நாசம் செய்கிற பறவைதான் அது. பறவை ஆர்வலர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். சார் தடுமாறவில்லை, ஒப்புக்கொண்டார். கூடவே வேடந்தாங்கல் கதையைச் சொன்னார். அங்கே பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது எதிர்த்தவர்கள் ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவைக்காகச் சட்டம், சரணாலயம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்.

"அவங்களுக்கு லாபம் இருந்துச்சு" என்றார் விவசாயி.

"ஆமாம்" என்றார் சார்.

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. விவசாயி மதகுப் பக்கம் போனார்.

*

இதற்குள் நடையில் ஒரு மாற்றம் வந்திருந்தது. யாரும் திட்டமிடவில்லை. சார் முன்னால் நடந்துகொண்டிருந்தார், ஆனால் பிள்ளைகள் கட்டம் போட்ட சட்டைக்காரனைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். எந்த வரப்பின் மறைவில் கம்புள்கோழி ஓடும் என்று அவன் சொன்னால் அது ஓடியது. ஆட்காட்டி கத்துகிற விதத்தை வைத்து, ஆள் வருகிறதா நாய் வருகிறதா என்று சொன்னான். உள்ளான் கூட்டத்தைப் பார்த்ததும் "இருவத்தஞ்சு" என்றான். நோட்டுப் பெண் பைனாகுலரில் ஒவ்வொன்றாக எண்ணி இருபத்தாறு என்றாள்.

"நீ எங்கடா கத்துக்கிட்ட?" என்று சார் கேட்டார்.

"எங்கம்மா ஊரு இங்கதான் சார். பக்கத்துல." கொஞ்சம் நேரம் கழித்துச் சொன்னான். "லீவுக்கு வருவேன். மாமா கூட வயலுக்குப் போவேன்."

எதற்கு என்று சார் கேட்கவில்லை. இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மடையானையோ உள்ளானையோ பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் பருவம் வந்தால் எங்காவது வலை ஏறும், எங்காவது உரித்த கொக்கு விற்கும். வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அது நிற்பதில்லை. பறவை எங்கே இறங்கும், எந்தப் பக்கம் எழும்பும், காற்று எப்படி என்று வலை கட்டுகிறவனுக்குத் தெரிந்த அளவு புத்தகம் படித்தவனுக்குத் தெரியாது. சாலிம் அலிகூடச் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று கேட்கப்போய்த்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குள் நுழைந்தார். சுட்ட கையும் பறவையைப் பற்றி எழுதிய கையும் ஒன்றுதான்.

எட்டரை மணி இருக்கும். அவன்தான் முதலில் நின்றான்.

"சார், அந்த ரெண்டு கம்பு..."

வயலுக்கு நடுவில் இரண்டு சவுக்குக் கம்புகள். நடுவில் ஒன்றுமில்லாதது போல இருந்தது. பைனாகுலரில் பார்த்த பிறகுதான் நைலான் நரம்பு வலை தெரிந்தது. அதில் பழுப்பாக ஏதோ தொங்கியது. ஒரு தடவை துடித்தபோது வெள்ளையாக விரிந்தது. மடையான்.

வயலுக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. இறங்கலாமா கூடாதா என்று சார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஓடினான். சாரும் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். மற்றவர்கள் கரையிலிருந்து பார்த்தார்கள்.

மடையானின் மூக்கு குத்தினால் கண் போய்விடும். அவன் முதலில் அதன் தலையைத் துண்டால் மூடினான். காய்ச்சல்காரனின் அதே பழுப்புத் துண்டு. பிறகு காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நரம்பாக எடுத்தான். இழுக்கவில்லை. சிறகின் மூட்டு வந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி எடுத்தான். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. எடுத்து முடித்ததும் வரப்பில் வைத்துத் துண்டை உருவினான். அது பறக்காமல் உட்கார்ந்தே இருந்தது. இறந்துவிட்டதோ என்று கரையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பிறகு நாலு எட்டு நடந்து, சத்தம் போட்டுக்கொண்டு எழும்பிப் போனது.

வலையின் கீழ்மடிப்பில் இன்னொன்றும் இருந்தது. சின்னது. தகைவிலான். விடியலில் மாட்டியிருக்க வேண்டும். அதன் உடம்பு விறைத்திருந்தது.

சார் வனத்துறைக்குப் போன் செய்தார். இடத்தைக் கேட்டுக்கொண்டார்கள், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவரை வேறு எதுவும் மாட்டக் கூடாது என்று, வலையைக் கம்போடு சேர்த்துச் சுருட்டி வைக்கச் சொன்னார் சார். பையன் சுருட்டினான். அவன் கை சுருட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யார் வலைன்னு கேப்பாங்களா சார்?"

"கேப்பாங்க."

"எனக்குத் தெரியாது சார்."

"உன்னை யாரும் கேக்கலை" என்றார் சார்.

*

திரும்பும்போது மதகுச் சுவரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். மேகம் கூடியிருந்தது. ஏரி ஈயக் கலரில் கிடந்தது. துண்டை அவனும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை. அது சேறோடு சுவரில் காய்ந்தது. சிவப்பு டீ-ஷர்ட் இப்போது நன்றாகவே தெரிந்தது.

பட்டியலை அங்கேயே சரிபார்த்தார்கள். நாற்பத்து மூன்று வகை. கூழைக்கடாவை ஒருவன் ஏழு என்று எழுதியிருந்தான், நான்காகத் திருத்தினார்கள். உள்ளானில் எது பொறி உள்ளான், எது பச்சைக்கால் உள்ளான் என்று தெளிவாகத் தெரியாதவற்றை வெறும் 'உள்ளான்' என்றே போடச் சொன்னார் சார். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் பிறகு அந்தப் பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள். மடையான் அறுபத்து நான்கு.

"அறுபத்தஞ்சு" என்றான் அவன். "பறந்து போச்சு இல்ல?"

நோட்டுப் பெண் திருத்தினாள். பிறகு தகைவிலானில் நின்றாள். "கம்பில எண்பது சார். அதையும் சேர்க்கணுமா?"

இறந்த பறவையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுது என்றார் சார். அவள் எழுதினாள். தகைவிலான் ஒன்று, இறந்தது, வலையில், காலை எட்டரை. எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, "எந்த இடம்னு போடுறது?" என்றாள்.

சார் இட்லிப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. தண்ணீரில் ஒரு மீசை ஆலா விழுந்து எழுந்தது.

மதகின் பெயரை அவன்தான் சொன்னான். அவள் காதில் சரியாக விழாததால் இன்னொரு தடவையும் சொன்னான், எழுத்துக் கூட்டி.